கேட்ட இடத்தில் எழுதிக்கொடுத்த கேர்னல்

2013 ஒக்ரோபர், நவம்பர் மாதங்களில் அன்ட்ரொய்ட் போன்களைத் தாக்கப் பயன்பட்ட ஓர் ஓட்டைக்கான திருத்தம், அதற்கு ஓராண்டு முன்பே, 2012 ஒக்ரோபரில் வெளியான லினக்ஸ் 3.5.5 பதிப்பில் இருந்தது. பல போன்களுக்கு அது வந்துசேரவேயில்லை. சிவிஇ-2013-6282 என்று பதிவான அந்த ஓட்டையை இன்று யாழ்ப்பாணத்தில் பேசக் காரணம் உண்டு. கனடாவிலும் இலண்டனிலும் உறவினர் பாவித்துவிட்டு அனுப்பிய போன்கள் குடாநாட்டில் இன்னும் பல கைகளில் இருக்கின்றன.

இயங்குதளத்தில் முழு அதிகாரமும் உள்ள பகுதி கேர்னல்; அன்ட்ரொய்டில் அது லினக்ஸ். செயலி எதுவும் கமராவையோ கோப்புகளையோ நேரே தொட முடியாது. கேர்னலிடம்தான் கேட்க வேண்டும். கேட்கும்போது, விடையை நினைவகத்தில் எந்த முகவரியில் எழுதுவது என்றும் சொல்லும். அந்த முகவரி செயலிக்கு உரியதுதானா என்று கேர்னல் பார்த்தே ஆகவேண்டும். பாராமல் எழுதுவது, காணிப் பதிவகத்தில் உறுதியைப் பாராமல், வந்தவர் காட்டிய காணியை அவர் பெயருக்கு எழுதிக்கொடுப்பது போன்றது.

அந்தப் போன்களின் ஏஆர்எம் வகைச் சில்லுகளில் ஓடிய லினக்ஸில் அதுதான் நடந்தது. முன்பு இந்தச் சோதனையைச் சில்லே செய்துவந்தது. வி6கே, வி7 வகைச் சில்லுகளுக்கு வந்தபோது கேர்னல் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. அதற்கு ஈடாக மென்பொருளில் எழுதியிருக்க வேண்டிய சில வரிகள், ‘கெட்_யூசர்’, ‘புட்_யூசர்’ என்ற இரு கூறுகளில் விடுபட்டன. ஒழுங்கான செயலிகள் தம் முகவரியையே கொடுத்ததால் குறை வெளியே தெரியவில்லை. கள்ளச் செயலியோ கேர்னலின் சொந்த முகவரியைக் கொடுத்தது. கேர்னலும் தன் விதிகளின் மேலேயே எழுதியது; செயலிக்கு ரூட் எனும் முழு அதிகாரம் கிடைத்தது. வங்கி அனுப்பும் ஓடிபி உட்பட, போனில் உள்ள ஏறக்குறைய எல்லாவற்றையும் பிறகு அது வாசிக்கலாம்.

திருத்தம் சில வரிகள்தான். ஆனால் அது லினக்ஸிலிருந்து கூகுளுக்கும் சில்லு நிறுவனத்துக்கும் போய், போன் தயாரித்தவர் வழியாகவே நம் கைக்கு வரவேண்டும். 2015 ஓகஸ்டில் கூகுள் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடத் தொடங்கியது. தயாரித்தவர் கைவிட்ட போனுக்கு அவற்றால் பயனில்லை. இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் ரூபாய் விழுந்தபின் புதிய போன் வாங்கு என்று எவருக்கும் இலேசாகச் சொல்லிவிட முடியாது. நல்ல நிலையில் உள்ள போனுக்குச் சில ஆண்டுகளிலேயே திருத்தத்தை நிறுத்துவது தயாரிப்பாளரின் பொறுப்பின்மை என்றே சொல்வேன்.

உங்கள் போனின் செற்றிங்ஸில் பாதுகாப்புத் திருத்தத்தின் திகதியைப் பாருங்கள். அது ஓரிரு ஆண்டுகள் பழையதாக இருந்து, புதிய அப்டேற்றும் வராவிட்டால், அந்தப் போனில் வங்கிச் செயலியை வைத்திருக்காதீர்கள். பிளே ஸ்டோருக்கு வெளியே கிடைக்கும் எதையும் அதில் நிறுவாதீர்கள்.