சிறைக் கண்காணிப்பும் சட்ட உதவிப் பணியும்

சிறைச்சாலையை நடத்தும் துறையைச் சேராத ஒருவரோ ஓர் அமைப்போ சிறைக்குள் சென்று, அங்குள்ளவர்களின் நிலையை நேரில் பார்த்துப் பதிவுசெய்து, குறைகளைக் களையச் செய்வது சிறைக் கண்காணிப்பு எனப்படும். அதற்குத் துணையாக ஆவணங்களைச் சரிபார்த்தல், மனு எழுதுதல், நீதிமன்றத்தை அணுகுதல் ஆகியவற்றைச் செய்வது சட்ட உதவிப் பணி ஆகும். பார்ப்பது முதல் வேலை. பார்த்ததைச் சட்டப்படி செல்லத்தக்க கோரிக்கையாக மாற்றுவது இரண்டாம் வேலை. இரண்டாவது நடக்காவிட்டால், முதலாவது பார்வையாளர் புத்தகத்தில் எழுதிய குறிப்பாகவே நின்றுவிடும்.

தேவை

சிறையில் இருப்பவர் உணவு, மருந்து, வெளியுலகத் தொடர்பு ஆகிய எல்லாவற்றுக்கும் சிறை நிர்வாகத்தையே நம்பியிருக்கிறார். நிர்வாகத்தின் மீதே குறை இருந்தால் அதை யாரிடம் சொல்வது என்பதே கண்காணிப்பின் அடிப்படைக் கேள்வி.

இந்தியாவில் இக்கேள்வி பெரும்பாலும் தண்டனை பெறாதவர்களைப் பற்றியது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பங்கினரின் வழக்கு இன்னும் முடியவில்லை. குற்றம் மெய்ப்பிக்கப்படாத ஒருவர் வழக்கறிஞர் இல்லாததாலோ, பிணை கொடுக்க ஆள் இல்லாததாலோ உள்ளே இருக்கிறாரா என்று பார்ப்பது கண்காணிப்பின் முதன்மைக் கடமை.

உலக அளவில்

ஐக்கிய நாடுகள் பொது அவை 2015-இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள், சிறைகளுக்கு இருவகை ஆய்வு வேண்டும் என்கின்றன. ஒன்று சிறைத்துறையே நடத்துவது; மற்றொன்று அத்துறையைச் சாராத வெளி அமைப்பு நடத்துவது. ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றி வரவும், பதிவேடுகளைப் பார்க்கவும், சிறைவாசிகளுடன் தனியாகப் பேசவும் உரிமை உண்டு.

சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறை 2002-இல் ஏற்கப்பட்டு 2006-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் சேரும் நாடு, தடுத்து வைக்கப்படும் இடங்களைப் பார்வையிடத் தன்னாட்சி அமைப்பு ஒன்றை ஏற்படுத்த வேண்டும். இந்தியா சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997-இல் கையெழுத்திட்டது. ஆனால் அதை உறுதிப்படுத்தவில்லை. ஆகவே விருப்ப நெறிமுறையும் இந்தியாவைக் கட்டுப்படுத்தாது.

இங்கிலாந்தில் தலைமைச் சிறை ஆய்வாளர் பதவி உள்ளது. அதோடு ஒவ்வொரு சிறைக்கும் பொதுமக்களிலிருந்து தன்னார்வலர்களைக் கொண்ட கண்காணிப்பு வாரியம் இருக்கிறது. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் தனி வாரியம் ஒன்று, நகரச் சிறைகள் பின்பற்ற வேண்டிய குறைந்தபட்சத் தரங்களை வகுத்து, அவை கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று பார்க்கிறது.

இந்தியாவில் உள்ள ஏற்பாடு

இந்தியாவில் இப்படி ஒரே தன்னாட்சி அமைப்பு இல்லை. அரசமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி சிறை மாநிலப் பொருள். கண்காணிப்புப் பொறுப்பு பல அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டுள்ளது.

• பார்வையாளர் குழு: 1894-ஆம் ஆண்டின் சிறைகள் சட்டக் காலத்திலிருந்தே உள்ள ஏற்பாடு. மாவட்ட நீதிபதி, மாவட்ட ஆட்சியர் முதலிய அலுவல்சார் பார்வையாளர்களும், சமூகப் பணியாளர் போன்ற அலுவல்சாராப் பார்வையாளர்களும் இதில் இடம்பெறுவர்.

• மனித உரிமை ஆணையங்கள்: 1993-ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி தேசிய ஆணையமும் மாநில ஆணையங்களும் சிறைகளைப் பார்வையிடலாம். தமிழ்நாடு மாநில மனித உரிமை ஆணையம் 1997-இல் அமைந்தது.

• சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள்: 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன் 12-ஆம் பிரிவுப்படி, காவலில் உள்ள எவரும் வருமானக் கணக்குக் காட்டாமலே இலவச வழக்கறிஞரைப் பெறலாம்.

• விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு: மாவட்ட நீதிபதி தலைமையில் மாவட்டந்தோறும் கூடி, யாரை விடுவிக்கப் பரிந்துரைக்கலாம் என்று பட்டியல் தயாரிக்கும். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளரும் இதில் உறுப்பினர்.

இவற்றுள் நீதிமன்றத்தில் நேரடியாக மனுத் தாக்கல் செய்யும் வழக்கறிஞர்களை அன்றாடம் சிறைக்கு அனுப்பும் வசதி சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடமே உள்ளது. அதனால் மற்ற அமைப்புகள் கண்டறியும் குறைகளுக்கும் அதுவே சட்டக் கரமாக அமைகிறது.

வழிகாட்டிய தீர்ப்புகள்

டெல்லி திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, தம் சக கைதி ஒருவர் கொடுமைப்படுத்தப்பட்டதைப் பற்றி உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதமே ஆட்கொணர்வு மனுவாக ஏற்கப்பட்டது. 1979 டிசம்பரில் வந்த தீர்ப்பில், நியமிக்கப்பட்ட வழக்கறிஞர்கள் சிறைக்குச் சென்று கைதிகளுடன் இரகசியமாகப் பேசவும், சட்டக் குறைகளை உரிய நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கவும் வழி செய்யப்பட்டது. குறைதீர் பெட்டிகள் வைக்கவும் நீதிமன்றம் கூறியது.

அதே ஆண்டு ஹுசைனாரா காத்தூன் வழக்கில், பீகார் சிறைகளில் பலர் தங்கள் குற்றத்துக்கு உரிய அதிகபட்சத் தண்டனைக் காலத்தைவிட அதிகமாக விசாரணைக் கைதிகளாகவே இருந்தது வெளிப்பட்டது. விரைவான விசாரணையும் இலவசச் சட்ட உதவியும் அரசமைப்பின் 21-ஆம் பிரிவில் அடங்கியவை என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில், சிறைகளில் சாதி அடிப்படையில் வேலை பிரிப்பதும் இடம் பிரிப்பதும் அரசமைப்புக்கு எதிரானவை என்று தீர்ப்பானது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் சாதி வாரியாகப் பிரித்து வைக்கப்பட்டதும் அத்தீர்ப்பில் பேசப்படுகிறது. இத்தகைய பாகுபாடு தொடர்கிறதா என்று ஆய்வுசெய்யும் பொறுப்பு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் பார்வையாளர் குழுவுக்கும் சேர்த்தே தரப்பட்டது. கண்காணிப்பும் சட்டப் பணியும் கைகோக்க வேண்டும் என்பதற்கு இது தெளிவான சான்று.

பணி நடக்கும் முறை

தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2022-இல் சிறைச் சட்ட உதவி மையங்களுக்கான நடைமுறையை வெளியிட்டது. மையத்துக்கு வழக்கறிஞர்கள் முறைவைத்து வருவர். பயிற்சி பெற்ற சட்டத் தன்னார்வலர்கள் அவர்களுக்கு உதவுவர். தண்டனைச் சிறைவாசிகளுள் தகுதியானவர்களும் தன்னார்வலராகலாம்.

புதிதாக வருபவரிடம் கேட்கப்படும் கேள்விகள் எளியவை. என்ன வழக்கு, எந்த நீதிமன்றம், கைதான நாள் எது, வழக்கறிஞர் உண்டா, வீட்டாருக்குத் தெரியுமா, உடலில் காயம் உண்டா, வயது என்ன என்பவை அவை. ஒவ்வொரு பதிலும் ஒரு சட்ட நடவடிக்கைக்கு வழி திறக்கும். வயது 18-க்குக் கீழ் என்று தெரிந்தால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போக வேண்டும். குற்றத்தின் தன்மைக்கேற்ப 60 அல்லது 90 நாள்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால், பிணை கேட்பது கைதியின் உரிமையாகிவிடும்.

நாள் கணக்கு இப்பணியில் மிக முக்கியம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவுப்படி, அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தை உள்ளே கழித்த விசாரணைக் கைதியைப் பிணையில் விட வேண்டும். முன்பு எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். எடுத்துக்காட்டாக, அதிகபட்சம் 3 ஆண்டுத் தண்டனை உள்ள திருட்டு வழக்கில் பாதி என்பது 18 மாதம்; மூன்றில் ஒரு பங்கு 12 மாதம். மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் இச்சலுகை இல்லை. காலம் முடிந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. அவர் எழுதினாரா என்று பார்ப்பது சட்ட உதவியாளரின் வேலை.

திருப்பூரும் பிணையதாரர் சிக்கலும்

திருப்பூர்ப் பகுதியில் கைதாகிறவர்கள் பலர், வ.உ.சிதம்பரனார் செக்கிழுத்த சிறையாக அறியப்படும் கோவை மத்திய சிறைக்கு அனுப்பப்படுகின்றனர். பெண்களுக்குக் கோவையில் தனிச் சிறை உண்டு.

பனியன் தொழிலை நம்பி ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்தும் தென் தமிழக மாவட்டங்களிலிருந்தும் திருப்பூருக்கு வந்தவர்கள் ஏராளம். ராயபுரம் போன்ற ஒரு பகுதியில் காம்பவுண்டு வீட்டில் தங்கி, பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் ஓர் ஒடிசா இளைஞர் அடிதடி வழக்கில் கைதானதாகக் கொள்வோம். நீதிமன்றம் பிணை வழங்கிவிடுகிறது. ஆனால் இரு நபர் ஜாமீன் வேண்டும். ஊரில் உள்ள தந்தைக்குச் சிறிது நிலம் உண்டு. திருப்பூரில் அவருக்காகக் கையெழுத்திட யாரும் இல்லை. வேலை கொடுத்தவர் ஒப்பந்தக்காரர், அவரும் ஒதுங்கிக்கொள்ளலாம். ஆணை கையில் இருந்தும் இளைஞர் வெளியே வர முடியாது. அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், பிணை கிடைத்த செய்தியே அவரை எட்டாமல் போகக்கூடும்.

இச்சிக்கலுக்குச் சட்டத்தில் விடை உண்டு. 1978-இல் மோத்தி ராம் வழக்கில், ஏழைக் கொத்தனார் ஒருவரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்கப்பட்டது. அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருந்ததால் அவரது ஜாமீனும் மறுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் தொகையை 1,000 ரூபாயாகக் குறைத்து, சொந்தப் பிணையில் அவரை விடுவித்தது. வேறு மாவட்டத்துக்காரர் என்பதற்காகப் பிணையதாரரை மறுக்கக்கூடாது என்றும் கூறியது.

2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் பிணை பற்றி மேலும் சில வழிமுறைகளை வகுத்தது. அவற்றின்படி பிணை ஆணையை அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்ப வேண்டும். 7 நாளில் விடுதலை ஆகாவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் ஜாமீன் கொடுக்கப்படாவிட்டால், நீதிமன்றம் தானாகவே நிபந்தனையை மாற்றப் பரிசீலிக்கலாம். உள்ளூர்ப் பிணையதாரரே வேண்டும் என்று வற்புறுத்துவது விடுதலையைத் தாமதிக்கும் காரணங்களுள் ஒன்று என்றும் அவ்வாணை சுட்டுகிறது.

2023-இல் ஒன்றிய அரசு ஏழைச் சிறைவாசிகளுக்கான உதவித் திட்டத்தை அறிவித்தது. அதன்படி, சில வகைக் குற்றங்கள் நீங்கலாக, விசாரணைக் கைதியின் பிணைக்கு 40,000 ரூபாய் வரையும், தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரையும் வழங்க வகைசெய்யப்பட்டது.

இவ்வளவும் ஏட்டில் உள்ளன. ஒடிசா இளைஞருக்கு இவை பயன்பட வேண்டுமானால், ஏழாம் நாளில் அவர் பெயரைப் பட்டியலில் கண்டு, அவர் மொழியில் பேச ஒருவரை அழைத்து, நிபந்தனையைத் தளர்த்தக் கோரி மனு எழுத ஓர் ஆள் வேண்டும்.

முதல் நாளின் முக்கியத்துவம்

2020 ஜூன் 19 அன்று தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் வணிகர் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பின்னர் அவர்கள் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டனர். ஜூன் 22 இரவு மகனும், 23 காலை தந்தையும் உயிரிழந்தனர். சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. விசாரணை பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாறியது.

காவலில் நேரும் கொடுமையைத் தடுக்க மூன்று வாயில்கள் உள்ளன: மருத்துவப் பரிசோதனை, நீதித்துறை நடுவர் முன் நிறுத்தல், சிறையில் சேர்க்கும்போது நடக்கும் உடல் பரிசோதனை. மூன்றிலும் பார்ப்பவர் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை இந்நிகழ்வு காட்டியது. முதல் முறை நடுவர் முன் நிறுத்தும்போதே சட்ட உதவி வழக்கறிஞர் உடனிருக்க வேண்டும் என்பது இதனாலேயே வலியுறுத்தப்படுகிறது.

இலங்கையில்

1983 ஜூலை 25, 27 ஆகிய நாள்களில் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் தமிழ்க் கைதிகள் 53 பேர் கொல்லப்பட்டனர். அரசின் காவலில் இருப்பவருக்கே பாதுகாப்பு இல்லாமற்போன கொடிய எடுத்துக்காட்டு இது. 1996-ஆம் ஆண்டின் 21-ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குத் தடுப்பிடங்களைப் பார்வையிடும் அதிகாரம் உண்டு. இலங்கை 2017 டிசம்பரில் விருப்ப நெறிமுறையிலும் இணைந்தது. நாட்டின் சிறைகளை விரிவாக ஆராய்ந்த அறிக்கையை அவ்வாணைக்குழு 2020-இல் வெளியிட்டது.

குறைபாடுகள்

இந்திய ஏற்பாட்டின் முதற்குறை, அலுவல்சார் பார்வையாளர்களுள் பலர் அரசின் பிற துறையினராகவே இருப்பது. அலுவல்சாராப் பார்வையாளர் இடங்கள் பல மாநிலங்களில் காலியாகக் கிடந்துள்ளன. அவற்றை நிரப்புமாறு 2015-இல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. இரண்டாவது குறை, மனித உரிமை ஆணையங்களின் முடிவுகள் பரிந்துரைகளாக இருப்பது. மூன்றாவது, சட்ட உதவி வழக்கறிஞர் மீது மக்களுக்குள்ள ஐயம். இலவசமாக வருபவர் அக்கறையாக வாதாடுவாரா என்ற எண்ணத்தில் கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் குடும்பங்கள் உண்டு. இதைப் போக்க, முழுநேர வழக்கறிஞர்களைக் கொண்ட சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் முறை 2022 முதல் மாவட்டங்களில் கொண்டுவரப்பட்டது.

குடும்பத்தினர் அறிய வேண்டியவை

கைதானவரின் குடும்பத்தினர் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம். 15100 என்ற இலவசத் தொலைபேசி எண்ணையும் அழைக்கலாம். கைதான நாள், காவல் நிலையம், குற்ற எண் ஆகிய மூன்றையும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. பிணை கிடைத்தும் 7 நாளில் ஆள் வெளிவராவிட்டால், பிணை ஆணை வழங்கப்பட்ட தேதியைக் குறிப்பிட்டு ஆணைக்குழுவின் செயலாளருக்கு மனு எழுத வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை.