ஓய்வுக்குப் பின் ஓர் உத்தியோகம்

அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாநிலத்துச் சிற்றூர்களில், ஆயுளின் பெரும்பகுதியை வகுப்பறையிலோ காரியாலயத்திலோ கழித்து உத்தியோகத்தினின்றும் விடுபட்ட முதியவர்கள் சிலர், சாய்வு நாற்காலியின் சுகத்தை நாடாமல், காலில் கனத்த பூட்ஸும் கையில் தடியுமாக விடுமுறை நாட்களில் ஊர்ப் பொதுக்காட்டின் வாசலில் வந்து நிற்கிறார்கள். சம்பளம் கிடையாது, வருகிறவர்கள் இருபது பேரானாலும் இருவரேயானாலும் சலிப்பின்றி அழைத்துச் சென்று காட்டுவதே அவர்கள் ஏற்ற கைங்கரியம்.

இத்தகைய நிலங்களைப் பொதுவில் பேணும் எண்ணம் இம்மாநிலத்தில் பழையது. நூலகம் நூல்களையும் சித்திரசாலை சித்திரங்களையும் பேணுவது போல, எழில் வாய்ந்த நிலங்களை ஜனங்களுக்காகப் பேணவும் ஒரு ஸ்தாபனம் வேண்டுமென்று நிலவடிவமைப்பாளர் சார்லஸ் எலியட் 1890-ல் எழுதினார். மறு ஆண்டே அது உருவாயிற்று. அதே நோக்கமுள்ள இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட் பிறந்தது அதற்கு நான்கு ஆண்டுகள் பிந்தித்தான். 1957-ல் வந்த மாநிலச் சட்டமோ, ஒவ்வோர் ஊரும் தனக்கென ஒரு நிலப் பாதுகாப்புக் குழுவை நியமித்துக்கொள்ள வழி செய்தது.

இப்படிப் பேணப்படும் காட்டில், முதிய வழிகாட்டியின் சாமர்த்தியம் வெளிப்படும் இடம் கல்வேலிதான். மனித சஞ்சாரமே அறியாத ஆதிவனம் என்றெண்ணி நடப்பவர்கள் முன்னே, கல்மேல் கல்லாக அடுக்கிய நீண்ட வேலியொன்று குறுக்கிடும். நடுக்காட்டில் யார், எதற்காக வேலி கட்டினார்கள் என்று கேட்டுவிட்டு முதியவர் மௌனமாக நிற்பார். பிறகு, உறைபனி வசந்தந்தோறும் மண்ணுக்கடியிலிருந்து உந்தித் தள்ளிய கற்களைப் பொறுக்கி எல்லையில் அடுக்கிக் குடியானவர்கள் பாடுபட்ட பூமி இது என்பதையும், 1825-ல் ஈரி கால்வாய் திறக்கப்பட்டு மேற்குச் சீமையின் தானியம் மலிவாக வந்து குவியவே, கல்லோடு மல்லுக்கட்டிச் சலித்தவர்கள் காலப்போக்கில் நிலத்தைக் கைவிட்டுப் போனார்கள் என்பதையும், ஆளொழிந்த மேய்ச்சல் வெளியில் வெண்பைன் தானே முளைத்துக் காடாயிற்று என்பதையும் ஒவ்வொன்றாக அவிழ்ப்பார். சாட்சிக்கு, கிளைகளைத் தாழ்வாக நாற்புறமும் பரப்பிய முதிய ஓக் மரம் ஒன்றைச் சுட்டுவார்: நெருக்கத்தில் பிறந்த மரம் வெயிலைத் தேடி நெட்டையாகவே வளரும், இது இவ்வளவு தாராளமாகக் கைவிரித்தது, சுற்றிலும் வெட்டவெளியாயிருந்த காலத்தில்தான். புராதன வனமென்று பெருமை பேசாமல், கைவிட்ட கழனி என்று உள்ளதை உரைக்கும் இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வசந்தத்தின் முதல் இளஞ்சூட்டு மழை பெய்யும் இரவில், கோடையில் வற்றிவிடும் சிறு குட்டைகளை நாடி, மஞ்சள் புள்ளியிட்ட சாலமாண்டர் என்னும் பல்லி வடிவப் பிராணிகளும் காட்டுத் தவளைகளும் இனவிருத்திக்காகத் தார்ச்சாலையைக் கடக்கும்போது, அவை சக்கரத்தில் நசுங்காதபடி டார்ச் விளக்கோடு காவல் நிற்பவர்களிலும் இத்தகைய முதியவர்களைக் காணலாம். வற்றிப்போகும் அக்குட்டைகளில் மீன் இல்லாததால்தான் அவற்றின் முட்டைகள் பிழைக்கின்றன.

பாஸ்டன் பக்கத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளைக் காணப் போய், பகலெல்லாம் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் நம் பெற்றோர்கள், ஊர் நூலகத்து அறிவிப்புப் பலகையைப் பார்த்து ஒரு நாள் இந்த நடைக்குப் போய்வரலாம். பெரும்பாலும் கட்டணம் கிடையாது. லைம் நோயைப் பரப்பும் உண்ணி புல்லில் இருக்குமாதலால், முழுநீளக் கால்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ள மட்டும் மறக்க வேண்டாம்.