இருதுருவ மனநோய்க்கான மருந்தை நிறுத்த எண்ணுவோர் அறிய வேண்டியவை

இருதுருவ மனநோய் என்பது, அளவுகடந்த மன எழுச்சியும் ஆழ்ந்த மனச்சோர்வும் வெவ்வேறு காலங்களில் ஒருவரை ஆட்கொண்டு, இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலும் இயல்பு நிலை திரும்பும் நோயாகும். அந்த இயல்பு நிலையை நீட்டிக்கவே மருந்து தரப்படுவதால், நோயின் அறிகுறி எதுவும் இல்லாத நாள்களிலும் அதை உட்கொள்ள வேண்டியிருக்கிறது. நோய் கண்ணுக்குப் புலப்படாதிருக்க, மருந்தின் தொல்லை மட்டும் அன்றாடம் புலப்படுகிறது. கை நடுக்கம், ஓயாத தாகம், ஏறிக்கொண்டே போகும் எடை, காலையிலும் விலகாத தூக்கக் கலக்கம், சிந்தனை மந்தமாகிவிட்டது போன்ற உணர்வு ஆகியவற்றைச் சுமப்பவருக்கு மருந்தை விட்டுவிடலாம் என்று தோன்றுவது பொறுப்பின்மையும் அன்று, பிடிவாதமும் அன்று. அந்த எண்ணத்தை மறைத்துவைத்துத் தனியே செயல்படுத்துவதில்தான் ஆபத்து இருக்கிறது; வெளிப்படையாகச் சொல்லி மருந்தைத் திருத்தி அமைத்துக்கொள்ள மருத்துவத்திலும் சட்டத்திலும் வழி இருக்கிறது.

மருந்துகளும் அவற்றின் தொல்லைகளும்

1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் மன எழுச்சிக்குப் பயன்படும் என்று எடுத்துக்காட்டிய லித்தியம் என்னும் உப்பு, இன்றும் இந்நோய்க்கான முதன்மை மருந்துகளுள் ஒன்றாக விளங்குகிறது. பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே அதற்குள்ள இடைவெளி குறுகியது என்பதால், இரத்தத்தில் அதன் அளவு ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை இருக்குமாறு மருத்துவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்; 1.5-ஐத் தாண்டினால் நச்சுத்தன்மை தோன்றலாம். கடைசி மாத்திரை உட்கொண்டு 12 மணி நேரம் கழித்து எடுக்கப்படும் இரத்தத்திலேயே இந்த அளவு பார்க்கப்படுகிறது. அத்துடன் சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் ஆகியவற்றுக்கான சோதனைகளும் ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேவைப்படுகின்றன. பிற மருந்துகளுள் வால்ப்ரோயேட் எடையைக் கூட்டி முடியை உதிரச் செய்யலாம். ஓலன்சபின் எடையோடு இரத்தச் சர்க்கரையையும் உயர்த்தலாம். ரிஸ்பெரிடோன் பெண்களின் மாதவிடாயைப் பிறழச் செய்யலாம். அரிப்பிப்ரசோல் ஓரிடத்தில் உட்காரவிடாத பதற்றத்தை உண்டாக்கலாம்.

திடீரென நிறுத்துவதன் விளைவு

லித்தியத்தைத் திடீரென நிறுத்தியவர்களிடம், படிப்படியாகக் குறைத்தவர்களைக் காட்டிலும் நோய், குறிப்பாக மன எழுச்சி, விரைவாகத் திரும்புகிறது. தற்கொலை அபாயத்தைக் குறைக்கும் ஆற்றல் லித்தியத்துக்கு உண்டு என்பதால், அதன் பாதுகாப்பு ஒரே நாளில் விலகும்போது அந்த அபாயமும் கூடுகிறது. ஆகவே நிறுத்துவதென்றே முடிவானாலும் குறைந்தது நான்கு வாரங்கள், இயன்றால் மூன்று மாதங்கள் எடுத்துக்கொண்டு அளவைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும் என்பது மருத்துவ நெறி. இந்நோய்க்குத் தரப்படும் மற்றொரு மருந்தான லாமோட்ரிஜினைச் சில நாள்கள் விட்டவர், பழைய அளவிலேயே மீண்டும் தொடங்கினால் உயிருக்கே ஆபத்தான தோல் நோய் வரக்கூடும். இடைவெளி ஐந்து நாள்களைத் தாண்டியிருந்தால் முதலில் தொடங்கிய சிறிய அளவிலிருந்தே மருத்துவர் மேற்பார்வையில் தொடங்க வேண்டியிருக்கும்.

கருவுற்றது தெரிந்தவுடன் அச்சத்தால் எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிடுவதும் இத்தகைய ஆபத்தே. நோய் திரும்பும் வாய்ப்பு மகப்பேற்றை ஒட்டிய காலத்தில் மிகுதி. எனினும், வால்ப்ரோயேட்டால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடும், பத்தில் மூன்று அல்லது நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைபாடும் நேரக்கூடும் என்பதால், அதை உட்கொள்ளும் பெண்கள் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மாற்று மருந்து பற்றிக் கேட்டறிய வேண்டும். எதிர்பாராமல் கருவுற்றிருந்தால் தாமதமின்றி மருத்துவரைக் காண வேண்டும்.

எண்ணம் எங்கிருந்து எழுகிறது

நிறுத்தும் எண்ணம் பக்கவிளைவிலிருந்து எழுகிறதா, நோயிலிருந்தே எழுகிறதா என்பதைப் பிரித்தறிவது கடினமானது, ஆனால் இன்றியமையாதது. மன எழுச்சி தொடங்கும்போது உடலும் உள்ளமும் முன்னெப்போதும் இல்லாத நலத்தோடு இருப்பதாகத் தோன்றுவதால், மருந்து தேவையில்லை என்ற உறுதியே நோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். தூக்கம் குறைந்தும் களைப்பின்மை, பேச்சில் வேகம், கட்டுப்பாடற்ற செலவு, புதுப்புதுத் திட்டங்கள் ஆகியவை கூடவே தோன்றியிருந்தால் முடிவைத் தள்ளிவைப்பதே தக்கது. மாறாக, நலமாக இருக்கும் மாதங்களிலும் அதே குறை மாறாமல் நீடித்தால், அது மருத்துவர் செவிசாய்த்தே ஆக வேண்டிய முறையீடாகும். இன்ன மருந்து, இன்ன வேளை, இன்ன தொல்லை, எத்தனை மணி நேரத் தூக்கம் என்று சில வாரங்கள் குறித்துவைப்பது இவ்வேறுபாட்டை நோயருக்கும் மருத்துவருக்கும் ஒருசேரத் தெளிவாக்கும்.

இடைப்பட்ட வழிகள்

தொடர்வதற்கும் நிறுத்துவதற்கும் இடையே பல வழிகள் உள்ளன. அளவைக் குறைத்தல், தூக்கம் தரும் மாத்திரையை இரவுக்கு மாற்றுதல், மெதுவாகக் கரையும் வகைக்கு மாறுதல், நடுக்கத்துக்குத் தனி மருந்து சேர்த்தல், தைராய்டு குறைந்திருந்தால் அதற்கு மாத்திரை தருதல், எடை கூட்டும் மருந்தை மெல்ல விலக்கி வேறொன்றைக் கொண்டுவருதல் ஆகியவை மருத்துவர் முயன்று பார்க்கக்கூடியவை. இவற்றுக்குப் பின்னும் நிறுத்தவே விரும்புபவர், தேர்வு, திருமணம், இரவுப் பணி போன்ற நெருக்கடிகள் இல்லாத காலத்தைத் தேர்ந்து, நோய் திரும்புவதை முதலில் கவனிக்கக்கூடிய ஒருவரிடம் அதன் அறிகுறிகளை முன்கூட்டியே சொல்லிவைப்பது நன்று.

சில நிலைகளில் மட்டும் காத்திருத்தல் கூடாது. லித்தியம் உட்கொள்பவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, பெரும் நடுக்கம், தள்ளாட்டம், நாக்குழறல், குழப்பம் ஆகியவை தோன்றினாலும், லாமோட்ரிஜினோ கார்பமசெபினோ உட்கொள்பவருக்குத் தோலில் தடிப்பு எழுந்தாலும், ஓலன்சபின், ரிஸ்பெரிடோன், அரிப்பிப்ரசோல் போன்ற மருந்து உட்கொள்பவருக்குக் கடும் காய்ச்சலோடு தசை இறுகினாலும் அடுத்த வேளை மாத்திரையை உட்கொள்ளாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும், சில இரத்த அழுத்த மருந்துகளும், வெயிலில் உடல் நீர் வற்றுவதும் லித்தியத்தின் அளவை உயர்த்துவதால், மருந்துக் கடையில் தாமே மாத்திரை கேட்டு வாங்குவதை லித்தியம் உட்கொள்பவர்கள் தவிர்க்க வேண்டும்.

சட்டம் தரும் உரிமைகள்

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சிகிச்சை பற்றிய முடிவை நோயரிடமிருந்து பறிப்பதில்லை. தகவலைப் புரிந்துகொள்ளவும், விளைவை உணரவும், முடிவைத் தெரிவிக்கவும் இயன்றவருக்கு முடிவெடுக்கும் திறன் உண்டென்று கூறும் அதன் 4-ஆம் பிரிவு, ஒருவரின் முடிவு பிறருக்குத் தவறாகத் தோன்றுவதாலேயே அவருக்கு அத்திறன் இல்லையென்று ஆகிவிடாது எனவும் தெளிவுபடுத்துகிறது. உத்தேசிக்கப்பட்ட சிகிச்சையையும் அதன் அறியப்பட்ட பக்கவிளைவுகளையும் தமக்குப் புரியும் மொழியில் கேட்டறியும் உரிமையை 22-ஆம் பிரிவும், அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை 25-ஆம் பிரிவும் தருகின்றன. நோய் முற்றும் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை நலமாக இருக்கும்போதே எழுதிவைக்கும் முன்னறிவிப்பு ஆவணத்துக்கு 5-ஆம் பிரிவும், அப்போது தம் சார்பில் பேச ஒருவரை நியமிப்பதற்கு 14-ஆம் பிரிவும் இடமளிக்கின்றன. ஆயினும் அவசரச் சிகிச்சையில் இந்த ஆவணம் செல்லாது. கடுமையான தீங்கைத் தடுக்க வேண்டிய நிலையில் 72 மணி நேரம் வரை சிகிச்சை தர 94-ஆம் பிரிவு அனுமதிக்கிறது.

மாத்திரையைப் பொடித்துச் சோற்றிலோ காபியிலோ நோயர் அறியாமல் கலந்துவிடும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. அது அச்சத்தாலும் அன்பாலும் செய்யப்படுவதேயானாலும், இசைவு என்னும் அடிப்படையைக் குலைப்பதோடு, லித்தியம் போன்ற மருந்தில் அளவு தவறி நஞ்சாகவும் இடமளிக்கிறது. தெரியவரும் நாளில் வீட்டு உணவின் மீதே நம்பிக்கை போய்விடுகிறது.

எங்கு முறையிடுவது

சிகிச்சையில் குறை இருந்தால் முதலில் மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவ அதிகாரியிடமும், அங்கு நிறைவு கிட்டாவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்திடமும், அதன் பின் மாநில மனநல ஆணையத்திடமும் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி முறையிடலாம். பக்கவிளைவை நோயரே நேரடியாகப் பதிவுசெய்ய, 2010-இல் தொடங்கப்பட்ட இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் உள்ளது. இரவில் மனம் தத்தளிக்கும்போதும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழும்போதும், 2022 அக்டோபர் 10-இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். பணமில்லாமையால் மருந்தை விட்டவர்கள், அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்க வேண்டும் எனச் சட்டம் விதித்திருப்பதை அறிந்து கேட்டுப் பெற வேண்டும்.

நெரிசலான புறநோயாளிப் பிரிவில், சென்ற மாதச் சீட்டையே மீண்டும் எழுதித் தருவதோடு சந்திப்பு முடிந்துவிடுமானால் இந்த உரிமைகள் ஏட்டளவில் நின்றுவிடும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்த நினைக்கிறேன் என்று நோயர் அஞ்சாமல் சொல்ல முடிவதும், அதைக் கேட்ட மருத்துவரும் குடும்பத்தாரும் கடிந்துகொள்ளாமல் வேறு வழி தேடுவதும் நிகழும் இடத்தில்தான் மருந்து நிறுத்தப்பட்டாலும் தொடரப்பட்டாலும் அது பாதுகாப்பான முடிவாக அமையும்.