ஒவ்வாமை உள்ள இல்லத்திற்கு ஏற்ற பூனை

பூனை தமிழர்க்குப் புதிய உயிரன்று. காட்டுப்பூனையாகிய வெருகின் இளமைக்குக் 'குட்டி' என்னும் பெயர் உரியதெனத் தொல்காப்பிய மரபியல் வகுத்துரைக்கின்றது. நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) அவர்களின் சிறப்புப் பெயருக்கே 'பூனைக்குட்டியின் தந்தை' என்பதுதான் பொருள். இவ்வாறு நூலிலும் வாழ்விலும் நம்மோடு நெருங்கிய இவ்வுயிர், சிலருடைய மூக்கிற்கும் மூச்சிற்கும் பகையாவது ஏன்? அத்தகையோர் வாழும் வீட்டில் பூனை வளர்க்க இயலுமா? இயலுமெனில் எதனைத் தேர்வது? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புதுச்சேரியில் நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையே அமைந்தது பெரிய மார்க்கெட். முதல் முதலமைச்சர் எதுவார் குபேரின் பெயரால் குபேர் அங்காடி என்றும் அது வழங்கப்பெறும். மீன் விற்கும் இடத்தில் பூனை உலவுவது இயல்பே. அங்குள்ள குட்டி ஒன்றைப் பையிலிட்டு வீட்டிற்குக் கொண்டுவருதல் எளிது. பிள்ளை தும்மத் தொடங்கியதும் அதே பையில் திருப்பி விடுதலும் எளிது. ஆனால், வீட்டுச் சோற்றுக்குப் பழகிய குட்டி மீண்டும் தெருவில் பிழைப்பது அரிது. எனவே, ஆராய்ச்சி முன்னரும் அன்பு பின்னரும் வருதல் வேண்டும்.

முடியன்று, புரதமே

'ஒவ்வாமை'க்கு உரிய 'அலர்ஜி' என்னும் சொல்லை 1906-ஆம் ஆண்டு ஆஸ்திரிய மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே உருவாக்கினார். தீங்கற்ற பொருளைப் பகையெனக் கருதி உடல் போரிடுவதே ஒவ்வாமை. பூனையின் முடியே இதற்குக் காரணம் என்பது பலருடைய எண்ணம். உண்மையில், 'ஃபெல் டி 1' என்னும் புரதமே முதன்மைக் காரணம். இது பூனையின் உமிழ்நீரிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உண்டாகின்றது. பூனை தன் உடலை நக்கும்போது முடியெங்கும் பரவி, உலர்ந்து, நுண்துகளாய்க் காற்றில் நெடுநேரம் மிதக்கின்றது. ஆடைகளில் ஒட்டிக்கொண்டு, பூனையே இல்லாத வகுப்பறைக்கும் சென்று சேர்கின்றது. பூனை வெளியேறிய பின்னரும் வீட்டில் பல மாதங்கள் தங்குகின்றது.

இனத்தைத் தேடுதல் வீண்

ஆகவே, முடியில்லாத ஸ்பிங்க்ஸ் இனமும் ஒவ்வாமையைத் தூண்டவல்லதே. சைபீரியப் பூனையும் பாலினீஸ் பூனையும் ஒவ்வாமை தாரா எனக் கூறி விற்கப்படுவதுண்டு. எந்த இனமும் இப்புரதம் அறவே அற்றதென உறுதிப்படவில்லை. ஒரே இனத்துள்ளும் பூனைக்குப் பூனை இதன் அளவு பெரிதும் வேறுபடுகின்றது. பொதுவாக, விதைநீக்கம் செய்யப்படாத கடுவன் பூனை இதனை மிகுதியாகச் சுரக்கின்றது. பெட்டைப் பூனையும், விதைநீக்கிய கடுவனும் குறைவாகச் சுரக்கின்றன. பெரும்பொருள் கொடுத்து அயல்நாட்டு இனத்தை வாங்குவதினும், நம் தெருவில் பிறந்த பெட்டைப் பூனை ஒன்றைச் சோதித்துத் தேர்வது அறிவுடைமையாகும்.

சோதித்தறியும் முறை

முதலில், தும்மலுக்குக் காரணம் பூனைதானா என்பதை மருத்துவரிடம் தோல் சோதனை அல்லது இரத்தச் சோதனை வாயிலாக அறிதல் வேண்டும். கடற்காற்றின் ஈரம் மிகுந்த புதுச்சேரி போன்ற ஊர்களில் மெத்தையில் வாழும் தூசிச் சிற்றுண்ணிகளும் இதே துன்பத்தைத் தரும். பூனையை விரட்டிய பின்னரும் தும்மல் ஓயாத வீடுகளில் இவையும் காரணமாக இருக்கலாம்.

அடுத்து, கொள்ளக் கருதிய அதே பூனையோடு வெவ்வேறு நாள்களில் சில மணி நேரம் பழகிப் பார்த்தல் வேண்டும். குட்டியினும் வளர்ந்த பூனையே இதற்கு ஏற்றது. குட்டி வளர வளரப் புரதத்தின் அளவும் மாறக்கூடும். கடும் ஆஸ்துமா உடையோர் இச்சோதனையைத் தாமே செய்தல் ஆகாது. அவர்கள் வீட்டில் பூனை வளர்ப்பதைத் தவிர்ப்பதே நலம்.

வந்த பின் செய்வன

படுக்கையறைக்குள் பூனையை ஒருபோதும் விடலாகாது. கம்பளமும் துணி இருக்கையும் புரதத்தைச் சேர்த்து வைக்கும்; நம் ஊர்களின் வெறுந்தரையை ஈரத்துணியால் துடைத்தல் எளிது. குளிப்பாட்டுவதன் பயன் ஓரிரு நாள்களே நிற்கும். பூனையின் உமிழ்நீரில் இப்புரதத்தைச் செயலிழக்கச் செய்யும் முட்டைப்பொருள் கலந்த உணவு 2020-ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வந்துள்ளது. அது புரதத்தைக் குறைக்குமேயன்றி முற்றும் நீக்காது.

நல்ல இனம் எது என வினவுவதை விடுத்து, நம் வீட்டார்க்கு ஒத்துவரும் பூனை எது என வினவுதலே பொருத்தம். விடை 'எதுவுமில்லை' என அமையினும் குறைவில்லை. மூச்சுக்குத் திணறும் பிள்ளையும் தெருவில் திணறும் பூனையும் அதனால் காக்கப்படுகின்றன. வாயிலில் ஒரு கிண்ணம் உணவு வைத்தும் அன்பு செலுத்தலாம் அன்றோ!