ஈரத்துணியும் இளந்தளிர் மேனியும்



எசேக்கியேல் 16ஆம் அதிகாரத்தின் நான்காம் வசனத்தை எருசலேமைக் குறித்த உவமையாக மட்டுமே வாசித்துக் கடந்துவிடுகிறோம். பிறந்த நாளில் கழுவுவாரும் துணியில் பொதிவாரும் இல்லாமல் கைவிடப்பட்ட ஒரு சிசுவைத் தீர்க்கதரிசி அங்கே நம் கண்முன் நிறுத்துகிறார். பிள்ளையைக் கழுவுவதும் துடைப்பதும் துணி மாற்றுவதும் அன்பின் செயல்கள் என்று வேதமே எண்ணுகிறபடியால், ஒரு போதகர் குழந்தையின் அரைத்துணியைப் பற்றி எழுதுகிறாரே என்று யாரும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

துணி கட்டும் இடத்தில் வருகிற செந்தடிப்பை மருத்துவர்கள் டயப்பர் ரேஷ் என்கிறார்கள். நம் பெரியவர்களில் சிலர் அதை உடற்சூடு என்பார்கள். சிலர் அக்கி என்பார்கள். அண்டை வீட்டார் கண்ணேறு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பிள்ளை வீறிட்டு அழும். சிறுநீர் கழிக்கும்போது துடிக்கும். அவிழ்த்துப் பார்த்தால் பிட்டமும் தொடையின் உட்புறமும் சிவந்து கிடக்கும். சொந்த ஊரிலே என்றால், பிள்ளையை மடியில் கவிழ்த்துப் போட்டுப் பார்ப்பதற்கு ஒரு பாட்டி இருப்பார். இங்கே மட்டாஞ்சேரியில், ஒற்றை அறை வாடகை வீட்டில், கணவர் வேலைக்குப் போனபின் தனித்திருக்கும் இளம் சகோதரிக்குக் கைபேசியும் தெருமுனை மருந்துக்கடையுமே துணை. அந்த மருந்துக்கடையைக் குறித்தே நான் முக்கியமாய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன் காரணத்தை அறிந்துகொள்வோம்.

காரணம் சூடுமல்ல, கண்ணேறுமல்ல, ஈரம். மலத்திலுள்ள கிருமிகள் சிறுநீரைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்குவதே இதற்குக் காரணம் என்று 1921ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் குக் எழுதினார். நெடுங்காலம் அதுவே பாடமாயிருந்தது. 1970களிலும் 80களிலும் நடந்த ஆய்வுகளோ, அம்மோனியா மட்டும் நல்ல தோலைப் புண்ணாக்கிவிடாது என்று காட்டின. நடப்பது என்னவென்றால், ஈரத்தில் ஊறிய தோல் நைந்து, துணியின் உராய்வில் எளிதில் தேய்கிறது. சிறுநீரும் மலமும் ஒன்றாய்க் கலக்கும்போது தோலுக்கு இயல்பாயுள்ள அமிலத்தன்மை குறைகிறது. அப்பொழுது, உணவின் புரதத்தையும் கொழுப்பையும் கரைப்பதற்காகக் குடலில் சுரந்து மலத்தோடு வெளிவந்த செரிமான நொதிகள் வீரியம் பெற்று, பிள்ளையின் தோலையே அரிக்கத் தொடங்குகின்றன. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தையின் மலம் இவ்வகையில் சற்றுச் சாதுவானது. அப்பிள்ளைகளுக்கு இப்புண் குறைவாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம். வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்கு ஒரே நாளில் தோல் உரிந்துபோவதும் இதனாலேயே.

ஆகவே இந்த நோய்க்கு முதல் மருந்து உலர்ந்த துணி. கொச்சியில் அதுதான் எளிதில் கிடைப்பதில்லை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. ஜூன் மாதம் இடவப்பாதி தொடங்கிவிட்டால், அறைக்குள் கயிறு கட்டிப் போட்ட துணி இரண்டு நாளானாலும் சில்லென்றிருக்கும். கோடையிலோ மேற்குக் கொச்சியில் குழாய் நீருக்குத் தட்டுப்பாடு. பல இடங்களில் கிணற்று நீர் உவர்நீர். இரண்டு குடம் தண்ணீரில் எல்லாத் துணியையும் முடிக்க வேண்டியிருக்கிறபடியால் ஒரே அலசலில் பிழிந்து போட்டுவிடுகிறோம். துணியிலே தங்கிவிட்ட சோப்பு, மறுபடி ஈரம் படும்போது பிள்ளையின் தோலை எரிக்கிறது.

நேரம் கிடைத்தால், பக்கத்திலுள்ள போர்ட் கொச்சியில் வேலி என்னும் இடத்திலிருக்கிற தோபி கானாவை ஒருமுறை சென்று பாருங்கள். டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று அங்கே உழைப்பவர்கள் சொல்லுகிறார்கள். இப்போதுள்ள துறையை 1976ஆம் ஆண்டில் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் அமைத்துக் கொடுத்தது. நம்மைப்போலவே தமிழ்நாட்டை விட்டு வந்து, நமக்கு முன்னே பல தலைமுறைகள் இவ்வூரில் பிழைத்தவர்கள் அவர்கள். அவர்களிடத்தில் கற்றுக்கொள்ள வேண்டியது அலசுதல். அடித்துத் துவைப்பதோடு வேலை முடிந்ததாக அவர்கள் எண்ணுவதில்லை. துணியைக் குத்தி வைக்கக் கிளிப்பும் அவர்கள் வைத்துக்கொள்வதில்லை. முறுக்கிய இரட்டைக் கயிற்றின் புரிகளுக்கிடையே துணியின் முனையைச் செருகி, வெயிலும் காற்றும் படும்படி விரித்து விடுகிறார்கள். பிள்ளையின் துணிக்குக் கஞ்சி மட்டும் வேண்டாம். வாசனைத் திரவமும் வேண்டாம். மலத்தை முதலில் கழுவிவிட்டு, சோப்பில் துவைத்து, குறைந்தது மூன்று முறை நல்ல நீரில் அலசுங்கள். தண்ணீர் குறைவாயிருந்தால் பெரியவர்களின் துணி ஒரு நாள் காத்திருக்கட்டும். வெயிலில்லாத நாட்களில் காய்ந்தும் காயாததுமான துணியின்மேல் இஸ்திரிப் பெட்டியை ஓட்டி, ஆறியபின் கட்டுங்கள். பழைய வேட்டி, பழைய பருத்திச் சேலை இவற்றைவிட மெதுவான துணி கடையில் இல்லை.

டயப்பர் கட்டலாமா என்று சகோதரிகள் கேட்கிறார்கள். தாராளமாய்க் கட்டலாம். அதனுள்ளிருக்கும் பசைத்தன்மையுள்ள தூள் ஈரத்தை உறிஞ்சித் தோலைத் துணியைவிட உலர்வாகவே வைக்கும். குறை டயப்பரில் இல்லை. விலை கொடுத்து வாங்கினோமே என்று காலையில் கட்டியதை மாலைவரை விட்டுவைப்பதில் இருக்கிறது. சிறு குழந்தைக்கு இரண்டு மூன்று மணி நேரத்திற்கொருமுறையும், மலம் கழித்தால் அந்த நிமிஷமே மாற்ற வேண்டும். அப்படி மாற்றக் கையில் பணமில்லையெனில், பகலில் துணியும் இரவில் டயப்பருமாக வைத்துக்கொள்வது நல்லது. துணியின்மேல் பிளாஸ்டிக் ஜட்டி போடுவதை விட்டுவிடுங்கள். அது ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கிறது. இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டும் வழக்கம் விசுவாசிகளின் வீடுகளில் இல்லையென்று நம்புகிறேன். இருந்தால், எப்பொழுதும் நனைந்து உராய்ந்துகொண்டிருக்கும் அந்தக் கயிற்றைத் தோலுக்காகவாவது அவிழ்த்துவிடுங்கள்.

சிவந்துவிட்ட தோலுக்குச் செய்ய வேண்டியது கொஞ்சமே. வெதுவெதுப்பான நீரில் பஞ்சையோ மெல்லிய துணியையோ நனைத்து ஒற்றித் துடையுங்கள், தேய்க்க வேண்டாம். வாசனையுள்ள ஈரத் தாள்களைப் புண் ஆறும்வரை ஒதுக்கி வையுங்கள். பிறகு பிள்ளையை ரப்பர் ஷீட்டின்மேல் பருத்தித் துணி விரித்து, ஒன்றும் கட்டாமல் பத்துப் பதினைந்து நிமிஷம் கிடத்துங்கள். ஒரு நாளில் எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை. (மட்டாஞ்சேரிக் கொசுக்களை அறிந்தவர்களுக்குக் கொசுவலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.) உலர்ந்தபின் துத்தநாக ஆக்ஸைடு களிம்பையோ வாசனையில்லாத பெட்ரோலியம் ஜெல்லியையோ, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல், தோலின் நிறம் தெரியாதபடி தடிமனாகப் பூசுங்கள். அது மருந்தாய் வேலை செய்வதைவிட வேலியாய் வேலை செய்கிறது. அடுத்த ஈரம் தோலைத் தொடாது. மறுமுறை துணி மாற்றும்போது அழுக்கான மேற்பூச்சை மாத்திரம் துடைத்துவிட்டு மேலும் பூசினால் போதும். சுரண்டி எடுக்க வேண்டாம். தோல் உரியாதிருந்தால் தேங்காய் எண்ணெய் மெல்லத் தடவுவதால் கெடுதியில்லை. ஆனால் மஞ்சள் அரைத்துப் பூசுவதும், அக்கிக்கு எழுதுவதாகச் செங்காவி தீட்டுவதும் வேண்டாம்.

இப்படிச் செய்தால் இரண்டு மூன்று நாளில் சிவப்பு தணிய வேண்டும். தணியாமல், தொடையிடுக்கின் மடிப்புக்குள்ளேயே செக்கச்செவேலென்று பரவி, ஓரத்தில் தனித்தனிச் சிறு பருக்கள் சிதறினாற்போல் காணப்பட்டால், அது காண்டிடா என்னும் பூஞ்சையாக இருக்கலாம். ஈரத்தால் வரும் சாதாரணச் சிவப்பு பெரும்பாலும் மடிப்புக்குள் போகாது. துணி உரசும் மேடான இடங்களிலேயே நிற்கும். பிள்ளை வேறு நோய்க்காக ஆன்டிபயாட்டிக் மருந்து சாப்பிட்டபின் இப்பூஞ்சை வருவதுண்டு. வாயினுள் துடைத்தாலும் போகாத வெண்படலம் இருக்கிறதா என்று பாருங்கள். இதற்குக் களிம்பு மட்டும் போதாது. மருத்துவர் க்ளோட்ரிமசோல் போன்ற பூஞ்சை மருந்து எழுதிக் கொடுப்பார்.

பவுடரைப் பற்றி ஒரு வார்த்தை. குளிப்பாட்டியதும் பவுடரைக் கொட்டுவது நம் பழக்கமாய்விட்டது. அந்தத் தூள் குழந்தையின் நுரையீரலுக்குள் போகக்கூடியது. மடிப்புகளில் ஈரத்தோடு கட்டியாகி உராயவும் செய்யும். போரிக் பவுடரோ நஞ்சு. புண்ணான தோல் வழியாக அது உடலுக்குள் ஏறிப் பச்சைக்குழந்தைகள் இறந்ததுண்டு. 1972ஆம் ஆண்டு பிரான்ஸ் தேசத்தில், மொராஞ்ச் என்னும் பெயருள்ள குழந்தைப் பவுடரில் ஹெக்ஸாக்ளோரோபீன் என்ற கிருமிநாசினி தவறுதலாக மிதமிஞ்சிக் கலந்துபோயிற்று. 36 குழந்தைகள் மாண்டார்கள். தாய்மார் அன்போடு பூசியதுதான் தோல் வழியாய் உள்ளே போய்க் கொன்றது. துணிக்குள் மூடப்பட்ட, ஈரமான, புண்பட்ட தோல் தன்மேல் வைப்பதையெல்லாம் குடித்துவிடும் என்பதை மறவாதிருங்கள்.

இப்பொழுது மருந்துக்கடைக்கு வருவோம். "பிள்ளைக்குப் புண்" என்று சொன்னதும் கடைக்காரர் ஒரு ட்யூபை எடுத்துக் கொடுக்கிறார். அப்படிக் கொடுக்கப்படும் பல ட்யூபுகளில் மூன்று மருந்துகள் ஒன்றாய்க் கலந்திருக்கும்: பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, மூன்றாவதாக க்ளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன் போன்ற வீரியமுள்ள ஸ்டீராய்டு. பூசிய மறுநாளே சிவப்பு மாயமாய் மறையும். நிறுத்தினால் திரும்ப வரும். மறுபடி பூசுவோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அந்த ட்யூபையே கொடுப்போம். இப்படி வாரக்கணக்கில் பூசும்போது தோல் மெலிந்து வரி விழுகிறது. டயப்பரின் பிளாஸ்டிக் மூடி போட்டாற்போல் அழுத்துவதால் ஸ்டீராய்டு இன்னும் அதிகமாய் இரத்தத்தில் கலக்கிறது. பிள்ளையின் கன்னம் உப்பி முகம் வட்டமாகிறது. தாயோ, பிள்ளை தேறிவிட்டதென்று மகிழ்ந்து ஊருக்குப் படம் அனுப்புகிறாள்! உள்ளே அட்ரீனல் சுரப்பி தன் வேலையை நிறுத்திக்கொண்டிருக்கும். ஒரு கடும் காய்ச்சல் வந்தால் அதைத் தாங்கும் சக்தி அவ்வுடலில் இராது. இந்தியாவிலும் பிற தேசங்களிலும் குழந்தைகளுக்கு இப்படி நேர்ந்ததை மருத்துவ இதழ்கள் பலமுறை எழுதியிருக்கின்றன.

2018ஆம் ஆண்டில் மத்திய அரசு, 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத அட்டவணையில் சேர்த்தது. பெட்டியின் மூலையில் ஆர்.எக்ஸ். என்ற குறியைக் கண்டால், கேட்டதும் கொடுக்கத் தகாத மருந்து அது என்று அறிந்துகொள்ளுங்கள். மருத்துவர் பிள்ளையைப் பார்த்து, வீரியம் குறைந்த ஸ்டீராய்டைச் சில நாட்களுக்கென்று எழுதிக் கொடுத்தால் பயப்பட வேண்டாம். சொன்ன நாள்வரை பூசி நிறுத்துங்கள். ஏற்கெனவே வாரக்கணக்காய் அந்த ட்யூபைப் பூசி வந்தவர்கள், இதை வாசித்த பதற்றத்தில் தாங்களாகவே திடீரென்று நிறுத்திவிடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். சுரப்பி விழித்தெழ அவகாசம் வேண்டும்; அதை அவர்தான் பார்த்து நடத்துவார்.

நம்முடைய சபைகளிலே வேறொரு கேள்வியும் உண்டு. மருந்து பூசுவது விசுவாசக் குறைவாகாதா? நான் தெய்வீக சுகத்தை விசுவாசிக்கிறவன், அதைப் பிரசங்கிக்கிறவன். ஏசாயா 38ஆம் அதிகாரத்தில் எசேக்கியா ராஜாவுக்குக் கர்த்தர் பதினைந்து வருஷம் ஆயுசைக் கூட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தபின்னும், அவருடைய பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைக்கும்படி தீர்க்கதரிசி சொன்னார். வாக்குத்தத்தமும் பற்றும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. வளர்ந்த ஒருவர் தம் சரீரத்துக்கு மருந்து வேண்டாமென்று தேவனோடு தீர்மானம் செய்துகொள்வாரானால், அதை அவரோடு விட்டுவிடுகிறேன். இரண்டு மாதக் குழந்தை ஒரு தீர்மானமும் செய்யவில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் எரிச்சல் ஒன்றே. இன்னொன்று: ஜெபித்த எண்ணெயைச் சிலர் பிள்ளையின் புண்ணிலேயே தடவுகிறார்கள். கடைகளில் விற்கும் அபிஷேக எண்ணெய்ப் புட்டிகள் பலவற்றில் வாசனைத் திரவியம் கலந்திருக்கிறது. உரிந்த தோலில் அது நெருப்பாய் எரியும். நெற்றியில் பூசி ஜெபியுங்கள். யாக்கோபு நிருபம் எண்ணெய் பூசச் சொல்லுகிறதேயொழிய, புண்ணின்மேல்தான் பூச வேண்டுமென்று எங்கும் சொல்லவில்லை.

மூன்று நாளில் குணம் தெரியாவிட்டாலும், கொப்புளமோ சீழோ இரத்தமோ கண்டாலும், காய்ச்சல் இருந்தாலும், பிள்ளை பால் குடிக்க மறுத்தாலும் வீட்டில் வைத்துக்கொண்டிராதிருங்கள். வாயைச் சுற்றியும் கைகால்களிலும் அதே போன்ற புண் வந்து வயிற்றுப்போக்கும் இருந்தால், அது துத்தநாகச் சத்துக் குறைவாகவும் இருக்கக்கூடும். அதையும் காட்ட வேண்டும். மட்டாஞ்சேரியிலேயே அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. மலையாளம் தெரியாதே என்று தயங்காதிருங்கள். "எத்ர திவசமாயி" என்று கேட்டால், எத்தனை நாளாயிற்று என்பது பொருள். "பனியுண்டோ" என்று கேட்டால், குளிரையும் பனியையும் நினைத்துக்கொண்டு இல்லையென்று தலையசைத்துவிடாதிருங்கள். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். பிள்ளைக்கு இதுவரை பூசிய ட்யூப் எதுவாயிருந்தாலும், காலியானதாயிருந்தாலும், பெட்டியோடு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் கேட்கும் முன்னே அதை மேஜைமேல் வையுங்கள்.