சுவரை இடிக்காமல் வீட்டை மாற்றலாம்

'சிறுகக் கட்டிப் பெருக வாழ்' என்றார்கள் நம் பெரியவர்கள். சிங்கப்பூரில் நம்மில் பெரும்பாலோர் வீட்டைக் கட்டுவதில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டித் தருகிறது. ஆனால் அதற்குள் பெருக வாழ்வது நம் கையில்தான் இருக்கிறது.

வீட்டைப் புதுப்பிப்பது என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? குத்தகையாளர், இடித்த சுவர், புதிய தரை ஓடுகள், கூடவே ஒரு வங்கிக் கடன். இன்று நான் பேச வந்தது அதைப் பற்றியல்ல. சில நூறு வெள்ளிக்குள், சில வார இறுதிகளில், நம் வீடு நமக்குப் பிடித்த வீடாக மாற முடியுமா என்பதுதான் தலைப்பு. முடியும் என்கிறேன். அதற்கு என் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்பா காலமானார். அதன் பிறகு அம்மா எங்கள் மூவறை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஒருநாள் மாலை வேலை முடிந்து வந்தேன். வரவேற்பறையில் விளக்கைப் போடாமல் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா இருட்டுல உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டேன்.

"லைட்டப் போட்டா கண்ணு கூசுதுப்பா. போடலன்னா நடக்கப் பயமா இருக்கு. என்னமோ நம்ம வீடு மாதிரியே இல்ல" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை என்னைச் சுட்டது. மறு வாரமே ஒரு குத்தகையாளரை அழைத்து விலை கேட்டேன். அவர் சொன்ன தொகை எங்கள் சேமிப்பைவிட அதிகம். அப்போது என் மனைவிதான் சொன்னாள்: "முதல்ல அத்தைக்கு என்ன கஷ்டம்னு பாருங்க. தரைய அப்புறம் மாத்திக்கலாம்."

அன்றிரவு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அம்மா உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் படுக்கும் பக்கமாகப் படுத்துப் பார்த்தேன். விளக்கை அணைத்துவிட்டுக் குளியலறை வரை நடந்தேன். நேயர்களே, உங்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனையும் இதுதான். கடைக்குப் போகும் முன் உங்கள் வீட்டில் மற்றவர் இருக்கும் இடத்தில் நீங்கள் அரைமணி நேரம் இருந்து பாருங்கள். என்ன வாங்க வேண்டும், என்ன வாங்கத் தேவையில்லை என்பது தானாகத் தெரியும்.

முதலில் கழியுங்கள்

நடைபாதையில் கிடந்த பழைய அலமாரியும் உடைந்த மின்விசிறியும்தான் அம்மாவின் பயத்துக்குப் பாதிக் காரணம். பல நகர மன்றங்கள் மாதந்தோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பெரிய பொருள்களை இலவசமாகவே எடுத்துச் செல்கின்றன. தொலைபேசியில் நாள் குறித்துக்கொண்டால் போதும். அவற்றைப் பொது நடைவழியில் தள்ளிவிடாதீர்கள். தீ விபத்தின்போது மக்கள் வெளியேறுவதற்காக அங்கே 1.2 மீட்டர் அகலம் காலியாக இருக்க வேண்டும் என்பது விதி.

விளக்கைப் பிரித்துப் போடுங்கள்

எங்கள் வீட்டில் கூரை நடுவே மூடியில்லாத ஒரே வெள்ளை விளக்கு. வயதானவர்களுக்கு இளையவர்களைவிட அதிக வெளிச்சம் தேவை. ஆனால் அது நேராகக் கண்ணில் பட்டால் கூசும். எனவே ஒரு பெரிய விளக்குக்குப் பதில், மூடியுள்ள இரண்டு மூன்று சிறிய விளக்குகளை வைப்பது நல்லது.

எல்இடி விளக்கு வாங்கும்போது பெட்டியில் இரண்டு எண்களைப் பாருங்கள். லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு. கெல்வின் என்பது ஒளியின் நிறம். 2,700 முதல் 3,000 கெல்வின் வரை மஞ்சள் கலந்த இதமான ஒளி, படுக்கையறைக்கும் வரவேற்பறைக்கும் ஏற்றது. காய்கறி நறுக்கும் இடத்துக்கு 4,000 கெல்வின் பொருந்தும். 6,500 கெல்வின் நீலம் தழுவிய வெள்ளை. அதைத்தான் நாங்கள் வீடு முழுவதும் போட்டிருந்தோம்! பழைய 60 வாட் குண்டு விளக்கு தந்த வெளிச்சத்தைச் சுமார் 9 வாட் எல்இடி தந்துவிடும்.

அம்மாவின் கட்டிலிலிருந்து குளியலறை வரை, ஆள் நடமாட்டம் கண்டால் தானே எரியும் சிறிய இரவு விளக்குகள் இரண்டு வைத்தோம். நாங்கள் செய்ததிலேயே மலிவானது இதுதான். அதிகப் பயன் தந்ததும் இதுதான்.

இன்னொரு செய்தி. 2024 ஏப்ரலில் வீவக குடும்பங்களுக்கு 300 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டு அறிமுகமானது. மின்சாரத்தையும் தண்ணீரையும் மிச்சப்படுத்தும் பொருள்களுக்கு, எல்இடி விளக்கு உட்பட, அதைப் பயன்படுத்தலாம். 2027 முடிவு வரை செல்லும். உங்கள் வீட்டுப் பற்றுச்சீட்டு எடுக்கப்படாமல் கிடக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு சுவருக்குச் சாயம்

வீட்டின் உட்புறம் சாயம் பூச வீவக அனுமதி தேவையில்லை. முழு வீட்டுக்கும் பூச வேண்டிய கட்டாயமும் இல்லை. மூன்றரை மீட்டர் நீளமும் 2.6 மீட்டர் உயரமும் உள்ள சுவர் ஏறத்தாழ 9 சதுர மீட்டர். ஒரு லிட்டர் சாயம் ஒரு பூச்சுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும். இரண்டு பூச்சுக்கு இரண்டு லிட்டர் போதும். சிறிய அறைக்கு வெளிர் நிறமே நல்லது. அது வெளிச்சத்தைத் திருப்பித் தரும்.

சுவரில் பூஞ்சை இருந்தால் அதன் மேலேயே பூசிவிடாதீர்கள். சில மாதங்களில் மீண்டும் எட்டிப் பார்க்கும். முதலில் கசிவு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பிறகு நீர் கலந்த பிளீச்சால் துடைத்து, நன்றாக உலர்த்திவிட்டுப் பூசுங்கள். பிளீச்சை வேறு எந்தச் சுத்திகரிப்பு மருந்தோடும் கலக்கக் கூடாது. நச்சு வாயு உண்டாகும்.

காற்றுக்கு வழி விடுங்கள்

சன்னலை மறைத்து நின்ற அலமாரியை எதிர்ச்சுவருக்குத் தள்ளினோம். செலவு ஒன்றுமில்லை. சன்னலும் எதிரே உள்ள கதவும் திறந்திருந்தால் காற்று ஊடுருவிச் செல்லும். மேற்கு வெயில் விழும் அறைக்கு அடர்நிறத் திரையைவிட, வெளிப்பக்கம் வெளிர் நிறமுள்ள திரை மேல். அடர்நிறத் துணி வெயிலை உறிஞ்சி, அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடும்.

சன்னலுக்கு அருகில் போகும்போது அதன் ஆணிகளையும் பாருங்கள். வெளிப்பக்கம் திறக்கும் சன்னல்களின் அலுமினிய ஆணிகளைத் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளாக மாற்ற வேண்டும் என்ற சட்டம் 2004-லேயே வந்துவிட்டது. சன்னல் கீழே விழுந்தால் பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது.

குளியலறையை மறவாதீர்கள்

அழகுக்கு முன் பாதுகாப்பு. வீவக 2012-ல் தொடங்கிய 'ஈஸ்' திட்டத்தின்கீழ் கைப்பிடிகள் பொருத்தித் தருகிறார்கள், தரை வழுக்காதபடி பூச்சும் செய்து தருகிறார்கள். வீட்டு உரிமையாளர் சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்க வேண்டும். குடும்பத்தில் 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுள்ள ஒருவர் இருந்தால் விண்ணப்பிக்கலாம். அன்றாட வேலைகளுக்குத் துணை தேவைப்பட்டால் 60 வயதிலிருந்தே வாய்ப்பு உண்டு. வீட்டின் வகையைப் பொறுத்துச் செலவில் 87.5 முதல் 95 விழுக்காடு வரை அரசாங்கம் ஏற்கிறது. "இதெல்லாம் நடக்க முடியாதவங்களுக்குத்தானே?" என்று அம்மா முதலில் மறுத்தார். என் மகள் அந்தப் பிடியைப் பிடித்துக்கொண்டு குளிக்கத் தொடங்கியதும் அவரும் பிடித்துக்கொண்டார்.

அண்டை வீட்டாரையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஓடு வெட்டுவது, தொடர்ந்து துளையிடுவது போன்ற சத்தமான வேலைகளை வார நாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே செய்யலாம்.

நிறைவாக ஒன்று. எங்கள் தரை இன்னும் அதே பழைய தரைதான். சமையலறை அலமாரியும் மாறவில்லை. ஆனால் இப்போது நான் மாலையில் வீடு திரும்பும்போது, சன்னலோரம் விளக்கைப் போட்டுக்கொண்டு அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார். போன தீபாவளிக்கு வந்த சித்தியிடம், "வா, நம்ம வீட்டப் பாரு" என்று அவரே கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

நேயர்களே, இந்த வார இறுதியில் உங்கள் வீட்டுப் பெரியவர் உட்காரும் நாற்காலியில் ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.