கடலில் கால் நனைக்கும் முன்...



ஆடி அமாவாசை, தை அமாவாசை, மாசி மகம், வேளாங்கண்ணி மாதா திருவிழா, திருச்செந்தூர் சூரசம்ஹாரம், இல்லாவிட்டால் பிள்ளைகளின் பள்ளி விடுமுறை. வருசத்துக்கு ஒரு தடவையாவது நம்ம குழுக்கள் சேர்ந்து வேன் பிடித்துக் கடற்கரைக்குப் போகிறோம். ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் தனியாகச் சேர்த்து வைத்துப் போகிற குழுக்களும் உண்டு. போக வேண்டியதுதான். வீடு, காடு, மாடு என்று உழைக்கிற நமக்கு அந்த ஒரு நாள் ரொம்பப் பெரிது.

ஆனால் நம்மில் பெரும்பாலோர் கிணறும் ஏரியும் பார்த்து வளர்ந்தவர்கள். ஏரித் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். எங்கே ஆழம், எங்கே சேறு என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். கடல் அப்படி இல்லை. நேற்று முட்டளவு இருந்த இடத்தில் இன்றைக்குக் கழுத்தளவு பள்ளம் இருக்கும். ஊர்க் கிணற்றில் குதித்து நீந்தியவர்கள்கூட கடலில் தடுமாறுவது இதனால்தான்.

"கடல் வருசத்துக்கு ஒரு ஆளை வாங்காம விடாது" என்று கரையோர ஊர்களில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதை நம்பினால் விதி என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். ஆனால் கடலில் ஆள் போவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைக் கரையில் நின்றே கண்ணால் பார்க்கவும் முடியும்.

இழுப்பு என்பது என்ன?

அலை அலையாகத் தண்ணீர் கரைக்கு வந்துகொண்டே இருக்கிறதே, அவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது? திரும்பிக் கடலுக்குத்தான் போக வேண்டும். கரைக்குக் கொஞ்சம் தள்ளி, தண்ணீருக்கு அடியில் மணல் திட்டுகள் இருக்கும். அந்தத் திட்டில் எங்காவது ஒரு இடைவெளி இருந்தால், சேர்ந்த தண்ணீரெல்லாம் அந்த இடைவெளி வழியாக ஒரே ஓட்டமாகக் கடலுக்குள் பாயும். வயலில் வரப்பு ஓரிடத்தில் உடைந்தால் வயல் தண்ணீர் முழுவதும் அந்த மடை வழியாகப் பாய்கிறதல்லவா, அதே கதைதான். இதைத்தான் இழுப்பு, நீரோட்டம் என்கிறோம்.

சாதாரணமாக இந்த ஓட்டம் விநாடிக்கு அரை மீட்டர் வேகம் இருக்கும். கேட்கும்போது கம்மியாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் 30 மீட்டர்! "ஐயோ" என்று நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் கரை தூரமாகிவிடும். கடல் கொந்தளிப்பாக இருந்தால் விநாடிக்கு இரண்டு மீட்டர்கூடப் போகும். ஒலிம்பிக்கில் நீந்துகிறவராலும் அதை எதிர்த்துக் கரைக்கு வர முடியாது.

இதில் ரொம்ப முக்கியமான சங்கதி ஒன்று. இந்த இழுப்பு ஆளை அடியில் இழுத்து அமுக்காது. மேலாகவே கடல் பக்கம் கொண்டு போகும். அலை உடைகிற இடத்தைத் தாண்டியதும் அதன் வேகம் அடங்கிவிடும். அப்படியானால் ஆள் ஏன் சாகிறார்? பயந்துபோய் கரையை நோக்கியே கையை காலை அடித்து, ஓட்டத்தை எதிர்த்து எதிர்த்துக் களைத்துப் போவதால்தான்.

அலை இல்லாத இடம் நல்ல இடமா?

நாம் செய்கிற தவறு இங்கேதான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது எந்த இடத்தில் அலை குறைவாக இருக்கிறது என்று பார்த்து, அங்கே இறக்கிவிடுகிறோம். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக நுரைத்து உடைய, நடுவில் மட்டும் ஒரு சந்து மாதிரி அமைதியாக இருந்தால், பெரும்பாலும் அதுதான் இழுப்பு இருக்கிற இடம்! அங்கே பள்ளம் இருப்பதால்தான் அலை உடையவில்லை. அந்தத் தண்ணீர் கொஞ்சம் கருத்துத் தெரியும். சில நேரம் மணல் கலந்து பழுப்பாக இருக்கும். நுரையோ குப்பையோ கரைக்கு வராமல் கடல் பக்கம் போய்க்கொண்டிருக்கும். பாறை ஓரம், தூண்டில் வளைவுச் சுவர் ஓரம், ஆறு கடலில் கலக்கிற முகத்துவாரம் ஆகிய இடங்களிலும் இழுப்பு இருக்கும்.

அதனால் வேனை விட்டு இறங்கியதும் ஓடிப்போய்த் தண்ணீரில் விழ வேண்டாம். பத்து நிமிடம் மேட்டில் நின்று பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு கொஞ்சம் அடங்கும், மறுபடி வரும். அடங்கிய நேரத்தில் வந்து பார்த்தவர்கள் "இன்னிக்குக் கடல் சாதுவா இருக்கு" என்று இறங்கி, அடுத்த கூட்டம் வரும்போது மாட்டிக்கொள்கிறார்கள். வலை காயப்போடுகிற மீனவர் யாராவது இருந்தால், "அண்ணே, இங்கே இறங்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். விவாதமே கிடையாது.

அமாவாசையும் கள்ளக்கடலும்

நம் தீர்த்தமாடல் எல்லாம் பெரும்பாலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியே வருகிறது. கடல் ஏற்றமும் இறக்கமும் மற்ற நாட்களைவிட அதிகமாக இருப்பதும் அதே நாட்களில்தான். திருச்செந்தூரில் அந்த நாட்களில் கடல் உள்வாங்கி, பாசி படிந்த பாறைகள் வெளியே தெரியும். எல்லோரும் அதன்மேல் ஏறி நின்று போட்டோ எடுப்பார்கள். அந்தப் பாறை வழுக்கும். தண்ணீர் திரும்பியும் வரும். ராமேசுவரம் அக்னி தீர்த்தத்தில் கடல் குளம் போல இருக்கிறதே என்றால், அது ஒரு பக்கம் அடைப்பாக இருக்கிற கடல். அங்கே குளித்த பழக்கத்தை வைத்துக்கொண்டு கன்னியாகுமரியிலோ வேளாங்கண்ணியிலோ பூம்புகாரிலோ இறங்கக் கூடாது. சென்னை மெரினாவில் கடலில் குளிக்கவே தடை. காவல்துறையினர் விரட்டினால் கோபப்படாதீர்கள்.

காலமும் பார்க்க வேண்டும். கிழக்குக் கரையில் ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் கடல் கொந்தளிக்கும். கன்னியாகுமரிப் பக்கம் சூன் முதல் செப்டம்பர் வரை மோசம்.

காற்றும் இல்லை, மழையும் இல்லை, வெயில் அடிக்கிறது, ஆனாலும் திடீரென்று பெரிய அலை வந்து கரையை வாரிக்கொண்டு போகும். கேரளத்திலும் குமரியிலும் மீனவர்கள் இதற்கு வைத்த பெயர் கள்ளக்கடல். கள்ளனைப் போல் சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் அடித்த புயலின் அலை, பல நாள் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேர்வதுதான் இது. மீனவர்கள் வைத்த அந்தப் பெயரையே 2012-இல் யுனெஸ்கோ அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. 2024 மே 6-ஆம் தேதி குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். கடல் சீற்றம் இருக்கும் என்று அரசு முன்பே எச்சரிக்கை கொடுத்திருந்தது. படித்த பிள்ளைகளுக்கே இந்த நிலை. ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் கொடுக்கும் இந்த எச்சரிக்கை வானொலியிலும் தொலைக்காட்சிச் செய்தியிலும் வரும். கிளம்புவதற்கு முந்தின நாள் ஒருவராவது கேட்டுவிட்டு மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

புடவை, இருட்டு, கைகோர்த்தல்

கடல் பாதுகாப்பு பற்றிய துண்டறிக்கைகளை யார் எழுதுகிறார்களோ, அவர்கள் புடவை கட்டியவர்களாக இருக்க மாட்டார்கள். புடவையைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது! ஐந்தரை மீட்டர் துணி நனைந்தால் எவ்வளவு கனக்கும் என்று துவைக்கிற நமக்குத் தெரியும். அலையில் அது காலைச் சுற்றிக்கொண்டால் எழுந்து நிற்க முடியாது. கடலில் இறங்குவதாக இருந்தால் சுடிதார் போட்டுக்கொள்ளுங்கள். புடவைதான் வேண்டும் என்றால், நாற்று நடும்போது சொருகுவதைப் போல் இறுக்கிச் சொருகிக்கொண்டு, கரையோரமாக உட்கார்ந்து சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்ளுங்கள். தலையில் தண்ணீர் பட்டால் தீர்த்தம்தான். சாமி ஆழம் பார்ப்பதில்லை.

இரவெல்லாம் வேனில் தூங்காமல் வந்து, விடியற்காலை நான்கு மணிக்கு இருட்டில் இறங்குகிறோமே, அதையும் விட வேண்டும். அந்த நேரத்தில் ஒருவரை அலை இழுத்தால் பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. தண்ணீரில் மூழ்குகிறவர் சினிமாவில் வருவதுபோல் "காப்பாத்துங்க" என்று கத்துவதில்லை. மூச்சு விடவே முடியாதவர் எப்படிக் கத்துவார்? தலை மேலே வரும், போகும். 20 முதல் 60 விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே வெளிச்சம் வந்த பிறகு இறங்குங்கள்.

நீச்சல் தெரியாதவர்களுக்கு முட்டளவுதான் எல்லை. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஆயிரம் கிலோ எடை. இடுப்பளவில் நிற்கும்போது ஒரு அலை வந்தால் அத்தனை கனம் மோதுகிறது. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்காதீர்கள். பிள்ளைகள் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கரையில் உட்கார்ந்துகொண்டு "டேய், உள்ளே போகாதே" என்று கத்துவது காவல் ஆகாது. வலிப்பு உள்ளவர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள் கரையிலேயே இருக்கட்டும். குடித்துவிட்டு வருகிற ஆண்கள் யாராக இருந்தாலும், வீட்டுக்காரராகவே இருந்தாலும், தண்ணீரில் இறங்க விடாதீர்கள்.

பயத்தில் பத்துப் பேர் கைகோர்த்து வரிசையாக நிற்பார்கள். ஒருவர் சாய்ந்தால் பத்துப் பேரும் சாய்வார்கள். கடலுக்குள் கைகோர்ப்பதால் பலம் வராது.

இதற்குப் பதிலாக ஒரு ஏற்பாடு செய்யலாம். சுற்றுலா முடிவு செய்கிற கூட்டத்திலேயே தீர்மானப் புத்தகத்தில் இதையும் எழுதுங்கள். ஒரு நேரத்தில் பாதிப் பேர்தான் இறங்க வேண்டும், மீதிப் பேர் கரையில் நின்று பார்க்க வேண்டும். ஊக்குநரோ பிரதிநிதியோ இறங்குவதற்கு முன்னும் ஏறிய பின்னும் தலை எண்ண வேண்டும். ஒரு நீளக் கயிறும், மூடி இறுக்கமாக இருக்கிற இரண்டு காலி ஐந்து லிட்டர் கேனும் வேனில் இருக்கட்டும். காற்று அடைத்த அந்தக் கேனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் தலை தண்ணீருக்கு மேலே நிற்கும்.

மாட்டிக்கொண்டால்?

முதலில் மல்லாந்து படுங்கள். உப்புத் தண்ணீர் கிணற்றுத் தண்ணீரைவிட ஆளை நன்றாகத் தூக்கும். முகம் வானத்தைப் பார்த்து, கை இரண்டையும் விரித்து, மூச்சை இழுத்து விட்டபடி இருங்கள். ஒரு கையைத் தூக்கி அசைத்து உதவி கேளுங்கள். தரை தட்டினால் கரையை நோக்கி நடக்காமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நடந்து ஓட்டத்தை விட்டு வெளியே வாருங்கள். நீந்தத் தெரிந்தவர்களும் அப்படித்தான், பக்கவாட்டில் நீந்தி, அலை உடைகிற இடத்துக்கு வந்து, அலையோடு கரைக்கு வர வேண்டும். நீச்சல் தெரியாதவருக்கு நடுக்கடலில் மிதப்பது சொல்கிற அளவு சுலபம் இல்லை. அதனால்தான் முட்டளவு என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

கரையில் இருப்பவர்களுக்கு இதைவிடக் கஷ்டமான வேலை. தன் பிள்ளை தத்தளிக்கும்போது எந்தத் தாயும் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டாள். ஆனால் ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர், அவரைக் காப்பாற்ற இன்னொருவர் என்று இறங்கி ஒரே குடும்பத்தில் நான்கு பேர் போன செய்திகளைப் படிக்கிறோமே. இறங்காதீர்கள், எறியுங்கள். கேன், கயிறு, வேன் டயர் டியூப், எது கிடைத்தாலும் எறியுங்கள். ஒருவர் கண்ணை எடுக்காமல் அந்த ஆள் இருக்கும் இடத்தைக் கைகாட்டிக்கொண்டே நிற்க வேண்டும். இன்னொருவர் மீனவர்களைக் கூப்பிட ஓட வேண்டும்.

கடலில் நடந்தது இல்லை என்றாலும் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் 2020 ஆகஸ்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தண்ணீரில் மூழ்கிய நான்கு இளைஞர்களைப் பார்த்த மூன்று பெண்கள், தங்கள் சேலைகளை அவிழ்த்து வீசி இரண்டு பேரை இழுத்துக் கரை சேர்த்தார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த மூவருக்கும் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. ஊர் என்ன சொல்லும் என்று அந்த நேரத்தில் அவர்கள் யோசிக்கவில்லை பாருங்கள்!

வெளியே எடுத்த பிறகு

தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டும் வேண்டாம். வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஈரத்துணியை மாற்றிப் போர்த்துங்கள். மூச்சு இல்லை என்றால் நேரம் கடத்தக் கூடாது. தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து முதலில் ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பெரியவர்களுக்கு இரண்டு அங்குலம் அமுங்கும்படி வேகமாக 30 முறை அழுத்தி, 2 முறை ஊத வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்கிற வேகம். உதவி வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இதை எழுத்தில் படித்துக் கற்க முடியாது. அடுத்த கூட்டத்துக்கு ஆரம்ப சுகாதார நிலைய செவிலியரை அழைத்து ஒரு மணி நேரம் செய்து காட்டச் சொல்லுங்கள்.

ஆம்புலன்சுக்கு 108, கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல் படைக்கு 1554. மூன்றையும் போனில் ஏற்றி வையுங்கள். தண்ணீர் குடித்து மீண்டவர் "எனக்கு ஒண்ணும் இல்லக்கா, கிளம்பலாம்" என்றாலும், இருமலோ மூச்சு வாங்குவதோ இருந்தால் மருத்துவமனையில் காட்டி, சில மணி நேரம் அங்கேயே வைத்திருந்து மருத்துவர் சரி என்ற பிறகுதான் வேனில் ஏற்ற வேண்டும். டிரைவர் வெயிட்டிங் சார்ஜ் கேட்டால் குழுப் பணத்தில் கொடுத்துவிடுங்கள்.